விசிலக்காவின் செருப்புக் கணக்கு

"கறுப்பு ஷூ, இடது கால் கயிறு அவிழ்ந்தது. தோல் செருப்பு, குதிகால் தேய்ந்தது. வெள்ளை ஷூ, புத்தம் புதுசு, கடிக்கப்போகிறது." வேனிலிருந்து இறங்கும் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொண்டே போகிறார் விசிலக்கா.

வனத்துறைக் காவலர், வயது நாற்பத்தேழு. தேசியப் பூங்காவின் நடுவில், குன்றின் மேல் இருக்கும் பழைய கோட்டை அவர் பொறுப்பு. காலையெல்லாம் மானும் காட்டெருமையும் பார்த்துச் சலித்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் இங்கே வருவார்கள். முந்நூறு படி ஏறி, பீரங்கி மேடையில் படம் எடுத்துக்கொண்டு, நாலரை மணி விசிலுக்கு இறங்கிவிட வேண்டும். ஐந்து மணிவாக்கில் கோட்டைக் குளத்துக்குத் தாய்க்கரடி ஒன்று குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வரும். அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் மேனேஜரம்மா. "எறங்குங்க, எறங்குங்க! மேனேஜரம்மா வர்ற நேரம். அவங்களுக்குக் கூட்டம்னாலே ஆகாது" என்று விசிலுக்கு விசில் ஒரு தடவை சொல்வார்.

ஏன் செருப்பு என்று கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். "மூஞ்சிய நம்ப முடியுமா? ஏறும்போது தொப்பி, கண்ணாடின்னு சினிமாக்காரங்க மாதிரி போவாங்க. எறங்கும்போது வேர்த்து வழிஞ்சு வேற ஆளா வருவாங்க. செருப்பு அப்படியேதான் இருக்கும்." இறங்கி வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டிக். கடைசி டிக் விழுந்த பிறகுதான் படிக்கட்டின் அடியில் இருக்கும் கதவைப் பூட்டுவார்.

இரண்டாவது வேனை ஓட்டுபவர் அக்காவின் கணவர். "ஊரார் செருப்பெல்லாம் மனப்பாடம். வீட்டுல தன் செருப்பத் தேடாம ஒரு நாள் கெளம்பினதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் போட்டுக்கொடுப்பார். அக்கா மறுப்பதில்லை. பல நாள் கணவருடைய ரப்பர் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார்.

போன வருஷம் ஒரு நாள் ஒரு பெரிய குடும்பம் இரண்டு வேன்களில் வந்தது. அதில் நாலு வயதுப் பெண் ஒருத்தி. மிதித்தால் மினுங்குகிற ரோஸ் ஷூ போட்டிருந்தாள். அதற்காகவே ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை மிதித்து ஏறினாள். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, அதனால் வேன் லிஸ்ட்டில் அவள் இல்லை. அக்காவின் நோட்டில் மட்டும் இருந்தாள்.

சாயங்காலம் கூட்டம் மொத்தமாக இறங்கியது. ரோஸ் ஷூ கண்ணில் பட்டது, டிக் விழுந்தது. கதவும் பூட்டியாயிற்று. வேன்கள் நகரும்போதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த ஷூ மினுங்கவில்லை. தரையிலும் வரவில்லை, யாரோ ஒருத்தியின் பையில் தொங்கிக்கொண்டு வந்தது.

விசில் அலறியது. கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னம்மா? லிஸ்ட் சரியா இருக்கு, எல்லாரும் ஏறியாச்சு."

"லிஸ்ட் கெடக்கட்டும்! அந்தப் பொண்ணோட கால் எங்க?"

"அவ சித்தியோட அந்த வண்டில இருக்கா" என்றாள் குழந்தையின் தாய். அடுத்த வேனிலிருந்து சித்தி ஷூவோடு இறங்கினாள். "கடிக்குதுன்னு கழட்டிக் குடுத்துட்டு உன்கிட்டதானே ஓடினா?"

அந்த முந்நூறு படியையும் எப்படி ஏறினார் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. பின்னால் தடியோடு கணவர். மேலே போனதும் அக்கா விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். குட்டியோடு இருக்கிற கரடியைச் சத்தம் போட்டு மிரட்டக்கூடாது. பீரங்கி மேடையின் நிழலில் பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குளத்தின் அந்தக் கரையில் மேனேஜரம்மா, இரண்டு குட்டிகள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரடியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். கரடி ஒரு தடவை நிமிர்ந்து மோப்பம் பிடித்தது. பிறகு தண்ணீரில் வாயை வைத்தது.

கீழே வந்ததும் தாய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீங்க மட்டும் இல்லேன்னா..."

"நன்றியெல்லாம் சொல்லாதீங்கம்மா. அந்த ஷூவுக்கு டிக் போட்டவளே நாந்தான்." சொல்லிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்து, தாயை விடப் பலமாக அழுதார்.

அன்றைக்கே, தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தார். பாராட்டுவதா, விளக்கம் கேட்பதா என்று புரியாமல் அதிகாரி அந்தத் தாளை இன்னும் மேசைக்குள்ளேயே வைத்திருக்கிறார். விசாரித்தால் அக்கா, "அது அங்கயே கெடக்கட்டும். எனக்கு மறக்கவா போகுது?" என்கிறார்.

நேற்று நாலு நாற்பதுக்கு ஒரு குடும்பம் கடைசியாக இறங்கி வந்தது. அப்பாவின் தோளில் குழந்தை அசந்து தூங்கியது. அதன் நீல ஷூ அம்மாவின் கையில் இருந்தது. அக்காவின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. எட்டி, தூசி படிந்த அந்தச் சின்னக் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். குழந்தை தூக்கத்திலேயே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அதன் பிறகே டிக் போட்டார்.