நூற்று நாற்பத்திரண்டு நொடி

நில அளவை அலுவலகத்தின் கோப்பறையில் எல்லோரும் அவளை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு காகிதம் தொலைந்ததில்லை. சூப்பர்வைசர் நாற்காலி காலியாகப் போகிறது, அடுத்தது அவள்தான் என்று ப்யூன் வரைக்கும் முடிவு கட்டியாகிவிட்டது. அவளும் மனசுக்குள் அந்த நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டாள்.

அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், மத்தியான இடைவேளையில் பழைய கம்ப்யூட்டரில் கண்ணிவெடி விளையாட்டு ஆடுவது. ஒரு கட்டத்தைத் திறந்தால் எண் வரும்; சுற்றியிருக்கும் கட்டங்களில் எத்தனை வெடி ஒளிந்திருக்கிறது என்று அது சொல்லும். கணக்குப் போட்டு, வெடி இருக்கும் கட்டத்தில் கொடி நட்டுவிட்டு நகர வேண்டும். அவசரப்பட்டால் போச்சு.

அவசரமெல்லாம் தங்கச்சிக்குத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் யார் யார் காலையோ பிடித்து அக்கா வாங்கிக் கொடுத்த வேலை. பக்கத்து நாற்காலி, இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். விளையாட்டையும் அக்காவே கற்றுக்கொடுத்தாள். ஒரு நாள் தங்கச்சி மிகக் கடினமான ஆட்டத்தை நூற்று நாற்பத்திரண்டு நொடியில் முடித்து அக்காவின் சாதனையை அடித்துத் தள்ளினாள். சாதனைப் பட்டியலுக்குப் பெயர் கேட்டது திரை. அவள் ‘நிதானம்’ என்று அடித்தாள்.

“உன் பேரே இருக்கட்டும்க்கா. நீதானே கத்துக்குடுத்த.”

அன்று முழுக்க அக்காவுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. பைத்தியக்காரி, வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம்கூடச் சொல்லிப் பூரித்தாள்.

அடுத்த வாரம் மேனேஜர் நேராக வந்து அந்த விளையாட்டைத் திறந்தார். பட்டியலில் மூன்று வரி, மூன்றிலும் அவள் பெயர். ஆபீஸ் நேரத்தில் இதுதான் வேலையா என்று கேட்டார். இடைவேளையில் மட்டும்தான் என்றாள். எந்த வேளையில் ஆடியது என்று பட்டியல் சொல்லாதே! அவள் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி தலை நிமிராமல் கோப்புக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று அக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பதவி தங்கச்சிக்குப் போனது. வெளியாள் யாருக்கோ போகாமல் வீட்டோடு நின்றதே என்று, அந்த நாற்காலியை அக்காதான் துடைத்துப் போட்டாள்.

மாதக் கடைசியில் மேனேஜர் மேசையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் கோப்பில் சேர்க்க வந்தது. நடுவில் கையெழுத்தில்லாத ஒரு புகார். அலுவலக நேரத்தில் விளையாட்டு நடக்கிறது, கடினமான ஆட்டத்தில் 142 நொடி, பட்டியலில் பெயரே இருக்கிறது என்று தட்டச்சு செய்திருந்தது. தேதியைப் பார்த்தாள். அவள் பூரித்துப்போன அதே நாள். அந்த எண் அன்றைக்கு ஆபீஸில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

காகிதத்தைக் கொண்டுபோய்த் தங்கச்சியின் மேசையில் வைத்தாள்.

“அந்த நூத்தி நாப்பத்திரெண்டு நீ எடுத்ததுடி.”

தங்கச்சி இரண்டு தடவை படித்தாள். மன்னிப்பு வரும் என்று அக்கா காத்திருந்தாள். அப்போதும் காத்திருந்தாள்.

“இதக் கிழிச்சுப் போட்டுடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“பதிவேட்டுல நம்பர் போட்டுட்டேன், இனிமே கிழிக்க முடியாது” என்றாள் அக்கா. “அங்க உன் பேரு இல்ல, பயப்படாத. எனக்கு மட்டும் தெரியும்.”

காகிதத்தை எடுத்துக்கொண்டு கோப்பறைக்குத் திரும்பினாள்.