அடக்கப் பூசையில் நான் வாசித்த வாசகம்

அறுபத்தொன்பதோ எழுபதோ, வருஷம் சரியாக நினைவில்லை. அப்போது நான் தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். இண்டூர் தாண்டி ஒரு வளைவில் எங்கள் ஊர். மற்ற டிரைவர்கள் அங்கே நிறுத்தாமல் பறந்துவிடுவார்கள். நான் ஒருவன்தான் நிறுத்துவேன். அதனால் ஊரில் எனக்கு மாப்பிள்ளை மரியாதை.

இன்னொரு மரியாதையும் இருந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகத்தை ஊர்க்காரர் ஒருவரே வாசிக்கலாம் என்று வந்ததும் பங்குச் சாமியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். மாட்டு வண்டிகளை விலகச் சொல்லிக் கத்திக் கத்தி உரம் ஏறிய தொண்டை என்னுடையது.

சிக்கல் என்னவென்றால், எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு ஃபர்லாங் தூரத்தில் ரோட்டில் படுத்திருப்பது வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவேன். கையில் இருக்கும் புத்தகம் மட்டும் கலங்கிய குட்டையாகத் தெரியும். டிரைவர் மூக்கில் கண்ணாடி ஏறினால் சனம் என்ன பேசும்? அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி கத்தரிக்காய் அரிந்துகொண்டே மறுநாள் வாசகத்தை நாலு தடவை வாசிப்பாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அவளுடைய உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்பது என் சாக்கு. நாலாவது தடவைக்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். மறுநாள் புத்தகத்தைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டே ஒப்பிப்பேன். நடுவில் ஒரு பக்கம் புரட்டுவதும் உண்டு.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மேட்டுத் தெருப் பெரியவர் ஒருவர் காலமானார். தங்கமான மனுஷர். ஆனால் ஆயுசுக்கும் மண்வெட்டியைத் தொட்டவர் இல்லை. மாமனார் வீட்டுச் சோற்றிலேயே காலம் தள்ளிவிட்டார். ஊருக்கே தெரிந்த சங்கதி என்றாலும் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள்.

அடக்கம் ஞாயிறு மாலையில் என்றுதான் நினைத்திருந்தேன். சாமியாருக்கு மத்தியானம் வேறு ஊர் போக வேண்டியிருந்ததால், காலைப் பூசையையே அடக்கப் பூசையாக வைத்துவிட்டார். கோயிலுக்குள் நுழைந்தால் பீடத்துக்கு முன்னால் பெட்டி. வாசகப் புத்தகத்தில் சிவப்பு நாடா வேறு பக்கத்துக்கு மாறியிருந்தது. சாமியாரிடம் போய், சாமி, எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஞாயிறு வாசகம்தான், அதையே எடுத்துவிட்டேன்.

மூன்றாவது வரியில்தான் எனக்கே உறைத்தது. உழைக்காமல் ஊர் சுற்றுகிறவனுக்குச் சோறு எதற்கு என்று கேட்கிற வாசகம் அது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி என் வாய் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பெட்டியைச் சுற்றி அழுகை நின்றுபோனது. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவரின் சம்சாரம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும் மூத்த மகன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“எங்கப்பனப் பொட்டியில வெச்சிக்கிட்டு இதைத்தான் படிப்பீங்களா? அப்பிடி என்னாங்க பகை உங்களுக்கு?”

வேறு வழியே இல்லை. ஊர் கூடி நிற்க, எனக்குக் கிட்டப் பார்வை போய் ஒரு வருஷம் ஆகிறது, வாசித்ததெல்லாம் மனப்பாடம் என்று ஒத்துக்கொண்டேன். அந்தம்மா வந்து மகன் கையை எடுத்துவிட்டார். என்னை மன்னித்துவிட்டார். ஆனால் ஊர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. கண் தெரியாத ஆளா நம்மை இத்தனை நாளாக ஏற்றிக்கொண்டு போனான்?

திங்கட்கிழமை வளைவில் நிறுத்தினேன். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. மத்தியானத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கண் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்றார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்குக் கை கால் ஓடவில்லை.

மறுநாள் வளைவில் எந்த பஸ்ஸும் நிற்காததால், மனைவியோடு இண்டூர் வரை நடந்துபோய்த் தருமபுரி பஸ் ஏறினேன். ஊர் சார்பில் சாட்சியாக அந்த மூத்த மகனும் வந்தான். பயணியாக உட்கார்ந்து போனது பெரிய அவஸ்தை. வளைவு வந்தபோதெல்லாம் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து “ப, ட, ம” என்று ஒரு கிசுகிசுப்பு. திரும்பினால் சாட்சிக்கு வந்தவன். என் லைசென்ஸ் போனால் வளைவில் எந்த பஸ்ஸும் நிற்காது என்பது அவனுக்கு வழியில்தான் உறைத்ததாம். டாக்டர் அவனை வெளியே அனுப்பினார். பிறகு கடைசி வரிவரை நானே கடகடவென்று வாசித்தேன்.

அடுத்து ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்தார். கையை எவ்வளவு நீட்டியும் எழுத்து பிடிபடவில்லை. பழக்க தோஷம், அட்டையை என் மனைவியிடம் நீட்டி, ஒரு தடவை படி என்றேன். அவளும் பழக்க தோஷத்தில் படித்தாள். நான் வாங்கி, நிறுத்தி நிதானமாக, கோயில் குரலில் ஒப்பித்தேன்.

டாக்டர் மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்.

“இது பரீட்சை இல்லீங்க, பாஸு பெயிலு கெடையாது. தெரியலைன்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு வைத்தியம் தெரியும்.”

“தெரியலைங்க,” என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை குறைவது ஊர் உலகத்துக்கே வருவதுதான், தூரப் பார்வை வேறு, கிட்டப் பார்வை வேறு, வண்டி ஓட்ட ஒரு தடையும் இல்லை என்று விளக்கி எழுதிக் கொடுத்தார். காலி ஃபிரேமை மாட்டி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றில் எழுத்தெல்லாம் பளிச்சென்று எழுந்து நின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

திரும்பும்போது மூத்த மகன் பஸ்ஸிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி டாக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தான். புதன்கிழமை வளைவில் நின்றவர்கள் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு புதுக் கண்ணாடியோடு வாசகத்தை முதன்முதலாக நிஜமாகவே வாசித்தேன். நாலு இடத்தில் தடுமாறினேன். மனப்பாடமாகச் சொன்ன காலத்தில்தான் நன்றாக வாசித்தேன் என்று என் மனைவி சொன்னாள்.

வருஷம் தவறாமல் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன். டாக்டர் அட்டையை நீட்டினால், தெரிந்ததைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். அந்தச் சின்ன வார்த்தை என் வாயில் வருவதற்கு, பாவம், ஒரு நல்ல மனுஷர் தன் அடக்கப் பூசையில் ஏச்சு வாங்க வேண்டியிருந்தது.