இடுப்புப் பையில் ஊராரின் கையெழுத்து

"எதுக்கு?" என்று கேட்காமல் செந்தாமரை எண்ணைச் சொன்னதில்லை. அதற்கு முன் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் வாயைத் தளர்த்தி, பட்டன் போனை எடுத்து, கையை முழு நீளத்துக்கு நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, வந்திருக்கும் குறுஞ்செய்தியைப் பார்ப்பார். கண்ணாடி வாங்கச் சொன்னால், "கை இன்னும் நீளமாத்தான இருக்கு?" என்பார். மறுமுனையில் திருப்பூரிலோ சென்னையிலோ ஓர் ஆள் கம்ப்யூட்டர் முன்னால் பதறிக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் போனால் அந்த எண் செல்லாது. பதற்றம் அவருக்கு, செந்தாமரைக்கு இல்லை.

"எதுக்குண்டு கேட்டேன். காது கேக்குதா?"

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் தவிட்டு மூட்டைகளுக்கு வாய் தைப்பது அவர் வேலை. சணலைக் கோணி ஊசியில் கோத்தால், பேச்சை நிறுத்தாமலே ஒரு மூட்டையை முடித்து அடுத்ததைக் காலால் இழுப்பார். மூட்டைகளின் வாயை அடைப்பதில் அந்த ஆலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனிதர்களின் வாயைத் திறக்க வைப்பதிலும் இல்லை.

இந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது என்பது எளிய கதை. சமுதாயக்கூடத்தில் ஆதார் முகாம் போட்ட காலத்தில் அவர் தெருவில் பலரிடம் போன் கிடையாது. வைத்திருந்தவர்களும் சிம் கார்டைச் சட்டை மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். செந்தாமரை முன்னால் போய் நின்று, "எல்லாத்துக்கும் எம் நம்பரையே போட்டு விடுங்க தம்பி. நா எங்குட்டுப் போகப்போறேன்?" என்றார். பாதித் தெருவுக்கு அவர் எண்ணே பதிவாகிவிட்டது. அன்று யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பிறகு உலகம் காகிதத்தைக் கைவிட்டது. குத்தகை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் எல்லாம் திரையில் வந்து, கையொப்பமிட இங்கே அழுத்தவும் என்று பணிவாகக் கேட்கத் தொடங்கின. அழுத்தினால், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி போகும். அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால்தான் கையெழுத்து விழும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒழிப்பதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எத்தனை தூரத்திலிருந்து கிளம்பினாலும் அது புதுவயலில் ஒரு சுருக்குப்பைக்குள் வந்து நிற்கிறது.

செய்தி ஆங்கிலத்தில் வரும். செந்தாமரை எழுத்துகளை உமி மாதிரி ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்வார். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் அதில் இருப்பதால், யாருக்கு வந்தது என்பதும் உடனே தெரிந்துவிடும். தெருப் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறவர் இதில் தவறமாட்டார். "மூவாயிரத்துப் பதினேழு. அம்மாக்கண்ணு மகன். வேல நேரத்துல என்ன பண்றான் இவன்?" வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த ஆதார் அவர் எண்ணில் இல்லை. போன் வாங்குவதற்கு முன்பே எடுத்த அட்டை என்பதால், தம்பி நாகநாதன் எண்ணில் இருக்கிறது. மாற்றிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "எங்கிட்ட யாரு கையெழுத்துக் கேக்கப்போறா?" என்றார்.

இந்தச் சேவைக்கு அவர் எதையும் கூலியாக வாங்குவதில்லை. விஷயத்தை மட்டும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் இருக்கும் சேவுகப்பெருமாள் ஒருமுறை இதில் சிக்கனம் பார்த்தார்.

"சின்னம்மா, ஒரு நம்பரு வந்திருக்கும். சட்டுன்னு சொல்லு."

"எதுக்கு?"

"கேஸ் கனெக்சனுக்கு."

"கேசு ஒம் பொண்டாட்டி பேர்லல்ல இருக்கு?"

"இது வேற கேசு."

"வேறயா? எத்தன எடத்துலடா அடுப்பு வச்சிருக்க?"

அதற்கு மேல் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஊரிலிருக்கும் வயலைச் செங்கல் சூளைக்குக் குத்தகை விடுகிறார் என்பது வெளியே வந்தது. "அன்னக்கிளிட்ட சொல்லிட்டியா?" என்றார் செந்தாமரை. மனைவியிடம் பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றார் அவர். "நீ அவகிட்டச் சொல்லு. நா ஒன்கிட்டச் சொல்றேன்." அன்று எண்கள் வந்து வந்து செத்தன. மாலையில் அன்னக்கிளிக்கு விஷயம் தெரிந்து, போனிலேயே பெரிய சண்டை நடந்து, கடைசியில் குத்தகை கையெழுத்தாகியே விட்டது. சூளை இப்போது நன்றாகப் புகைகிறது. செந்தாமரை சாதித்தது, புகைவதற்கு முன்னால் அன்னக்கிளிக்குத் தெரிந்தது மட்டும்தான். அதுவே போதும் என்று அவர் நினைக்கிறார்.

இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு செய்தியும் ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது. பதில் வரும்வரை அவரும் சொல்வதில்லை.

காரைக்குடிக்குப் போய் விரலை வைத்தால் ஆதாரில் இருக்கும் போன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாள் வேலை கெடும். அதைவிட, செந்தாமரையின் முகம் கெடும். கோபிநாத் என்கிற பையன் மாற்றிக்கொண்டான். ஒரே வீட்டில் தனி உலை வைத்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார். "நம்பரப் பிரிச்சுக்கிட்டுப் போனவன்" என்பது இன்றுவரை அவன் பட்டம். அவன் மகளின் காதுகுத்துக்குப் போனார், இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அவனோடு மட்டும் பேசவில்லை.

அந்தப் பயத்தில்தான் தம்பி நாகநாதன் மகள் கீர்த்தியும் மாற்றாமல் இருந்தாள். போன மாதம் மாட்டுக்குத் தவிடு வாங்க நான் ஆலைக்குப் போயிருந்தபோது, கையில் ஸ்மார்ட்போனோடு கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். ஓசூரில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. அன்று மாலைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். முறைப்படி எண்ணை மாற்றச் சில நாளாவது வேண்டும். ஆகவே அத்தையிடம் வந்திருந்தாள்.

அத்தைக்கு ஒரு மகன் உண்டு. பெயர் தேவா, கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். கீர்த்தி பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து செந்தாமரை வாயில் அவள் பெயர் "எம் மருமக". தட்டு மாற்றவில்லை, ஒன்றுமில்லை. ஆலையில் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

மூட்டையைப் பாதியில் விட்டு வந்த செந்தாமரை போனை நீட்டிப் பிடித்தார். "வந்திருச்சு. எதுக்குத்தா?"

கீர்த்தி பொய் சொல்லியிருக்கலாம். பரீட்சை, சான்றிதழ், எதைச் சொன்னாலும் அன்றைக்குச் செல்லுபடியாகியிருக்கும்.

"வேலைக்கு அத்தை. ஓசூர்ல."

"நல்லதுதான. எப்பத் திரும்பி வருவ?"

"ரெண்டு வருசம் இருக்கேன்னு கையெழுத்துப் போடணும். நடுவுல விட்டுட்டு வர முடியாது."

நீட்டியிருந்த கை மடங்கியது. "ஆவணியில தேவா வாரான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதேன் வந்து நிக்கிறியா? ஒங்கப்பன் என்ன சொன்னான்?"

"'எனக்கு ஒண்ணுமில்ல, அத்தைட்ட நீயே போயிச் சொல்லிக்க'ண்டாரு."

"சொல்லுவான். நல்ல சேதின்னா மொத ஆளா ஓடியாருவான். இதுக்குப் புள்ளய அனுப்பிட்டான்."

கேட்டைக் காக்கும் குழந்தைவேலு, விஷயம் தெரியாமல், நாற்காலியிலிருந்தே உற்சாகமானார். "என்ன மதினி, மாமியாளும் மருமகளும் இங்கனயே பேசி முடிச்சிருவீக போல? முகூர்த்தம் எப்ப?"

"நீ கேட்டப் பாருய்யா" என்றார் செந்தாமரை, அவரைப் பார்க்காமல்.

அதற்குள் எண் செத்துவிட்டது. செந்தாமரை உள்ளே போனார். என் தவிட்டு மூட்டையைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி வந்ததும் நிறுத்தினார். பார்த்தார். சணலை உருவிவிட்டு முதலிலிருந்து தைத்தார். அவர் தையலைப் பிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே கீர்த்தி லாரி நிழலில் நின்றாள். நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள், வாசலை விட்டுப் போகவில்லை. வெயில் தணிந்துகொண்டிருந்தது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு செந்தாமரை எழுந்து வந்தார். "இன்னொருக்கா அனுப்பச் சொல்லு."

கீர்த்தி அழுத்தினாள். சுருக்குப்பை அதிர்ந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

"அவனப் புடிக்கலையா?"

"புடிக்குது, புடிக்கலைன்னெல்லாம் நா நெனச்சே பாக்கல அத்தை. யாரும் எங்கிட்டக் கேக்கல."

"நா…"

"நீங்க ஊர்ல எல்லார்ட்டயும் எல்லாத்தையும் கேப்பீக. இத மட்டும் கேக்கல."

குழந்தைவேலு நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இன்னொரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது; தவிடு ஏற்ற ஆரம்பித்தார்கள். செந்தாமரை பையைத் தளர்த்தினார். போனை எடுத்தார், கையை நீட்டினார்.

"நாலு. சைபர். ஏழு. இன்னொரு ஏழு. ரெண்டு." கொஞ்சம் நிறுத்தினார். லாரிச் சத்தம் என்று நினைத்தேன். "ஒம்பது."

கீர்த்தி போட்டாள். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினாள், நகரவில்லை. மூட்டை ஏற்றும் இடத்திலிருந்து பறந்த தவிடு திரையில் படிந்து, வியர்த்த விரலோடு சேர்ந்து பசையாகியிருந்தது. மறுபடி அழுத்தினாள். தன் துப்பட்டாவில் தேய்த்தாள், அதிலும் தவிடுதான். கண் கலங்கிவிட்டது.

"குடு இங்குட்டு."

செந்தாமரை போனை வாங்கினார். வாயால் ஊதினார். மூட்டைப் பக்கம் படாத முந்தானை நுனியைத் தேடி எடுத்து, திரையை ஓரம் ஓரமாகத் துடைத்தார். பிறகு காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தாம்பாளம் ஏந்துவதுபோல அதை இரண்டு கையிலும் ஏந்தி, அவள் விரலுக்கு எட்டும் உயரத்தில் பிடித்தார்.

"இப்ப அமுக்குத்தா."