தேய்த்த காசு

சில்லறையக்காவின் வலது கையில் ஒரு பழைய பல் பிரஷ். இடது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காசு. முன்னால் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும். ஒரு பக்கம் தேய்ப்பாள், திருப்பி மறுபக்கம் தேய்ப்பாள், ஓரத்தைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் விரித்திருந்த துண்டில் எறிவாள். பிறகு அடுத்த காசு. கட்டை விரல் இடுக்கில் பிளீச்சிங் பவுடர் அரித்த வெடிப்பு ஒன்று இருந்தது. படுக்கும் முன் கொஞ்சம் வாசலின் தடவித் துணி சுற்றிக்கொண்டால் நாலு நாளில் ஆறிவிடும். செய்ய மாட்டாள். அவளுக்குக் காசுதான் சுத்தமாக இருக்க வேண்டும், கை எக்கேடு கெட்டால் என்ன.

பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை வாசலில் அவளுடைய மேஜை. உள்ளே போகிறவர்கள் அங்கே காசு வைத்துவிட்டுப் போக வேண்டும். பெரிய காசாக நீட்டினால் மீதி தருவாள். சில்லறை இல்லை என்று அவள் யாரையும் நிற்க வைத்தது கிடையாது. அவசரத்தில் வருகிறவரிடம் அப்படிச் சொல்வதைப் போலப் பாவம் வேறில்லை என்பது அவள் கொள்கை. அதனால் வந்த பெயர்தான் சில்லறையக்கா. நடுநடுவே உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் அவள்தான்.

காசு தேய்க்கும் பழக்கம் கோபத்தில் ஆரம்பித்தது. எதிரே ஒரு டீக்கடை. அங்கே அவள் டீ குடித்துவிட்டுக் காசு நீட்டினால் கடைக்காரர் கை நீட்ட மாட்டார்.

"அக்கா, இதுல போட்டுடுங்க" என்று தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவை நகர்த்துவார்.

மற்றவர்களுக்கு டப்பா கிடையாது. அவர்கள் காசு நேராகக் கல்லாவுக்குப் போகும். அதே ஆட்கள் சற்று முன்புதான் அவள் மேஜையைத் தாண்டி வெளியே வந்திருப்பார்கள். குழாய் அவள் முதுகுப் பக்கம் இருக்கிறது. யார் கை கழுவினார்கள், யார் கழுவாமல் தலையை வாரிக்கொண்டே போனார்கள் என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். சொன்னால் அந்தக் கடையில் பாதிப் பேர் டீ குடிக்க மாட்டார்கள்.

அவள் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மேஜைக் காசு முழுவதையும் பேசினில் கொட்டித் தேய்த்தாள். மறுநாள் அவள் நீட்டிய காசு கண்ணைக் கூசவைத்தது. கடைக்காரர் டப்பாவை நகர்த்தலாமா வேண்டாமா என்று தடுமாறினார்.

"எங்கே உங்க டப்பா? கொண்டாங்க. இவ்வளவு சுத்தமான காசை உங்க கல்லாவுல போட எனக்கே மனசு வரலை. அதுல கிடக்கிற அழுக்கு இதுல ஒட்டிக்கும்" என்றாள் அவள்.

டப்பா அந்த வாரமே காணாமல் போனது. தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஏனென்றால் அழுக்குப் போனதும் காசுகளுக்கு முகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கை மாற்றிய காசில் இத்தனை வகை இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியம். ஒன்றில் கதிர், ஒன்றில் பாலம், ஒன்றில் யாரோ ஒரு பெரிய மனிதரின் மூக்கு மட்டும் தேய்ந்துபோன முகம். எல்லாவற்றிலும் அடித்த வருஷம். தான் பிறந்த வருஷத்துக் காசு ஒன்று கிடைத்ததும் அதைத் தனியே எடுத்து வைத்தாள். எடுத்த கையோடு தன் சுருக்குப் பையிலிருந்து அதே மதிப்புள்ள வேறொரு காசை மேஜை டப்பாவில் போட்டாள். அது யாரும் சொல்லித் தந்த விதி இல்லை. ஒன்று எடுத்தால் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் சேர்ப்பு ஆரம்பித்தது. பெரிய காசில், அடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று. அதற்கு மேல் ஆசை கிடையாது, வசதியும் கிடையாது. கடையில் விலை கொடுத்து ஒரு காசு கூட வாங்குவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவளோடு இருந்தது நாத்தனார் ஒருத்திதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய தங்கை, புருஷனோடு ஒத்துவராமல் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அண்ணன் போன பிறகும் அண்ணியோடேயே தங்கிவிட்டாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"ஊரு உலகத்துல பொம்பளைங்க நகை சேர்ப்பாங்க. நீங்க கக்கூஸ் காசு சேர்க்கிறீங்க. செத்தா என்ன அண்ணி, நெத்தியில ஒட்டி அனுப்பட்டுமா?"

"ஒட்டு. ஆனா வருஷ வரிசைப்படி ஒட்டு."

கிண்டல் செய்தாலும், புதுச் சட்டைகள் வருகிற பிளாஸ்டிக் உறைகளை வெட்டி, பழைய லைனிங் துணியில் வைத்துத் தைத்து, சின்னச் சின்னப் பையாகப் பிரித்து ஒரு புத்தகம் போலச் செய்து கொடுத்தவளும் அவள்தான். ஒவ்வொரு பைக்கும் கீழே அந்த வருஷத்தைச் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். காசு வராத பை காலியாகத் தெரியும். கொஞ்ச காலத்தில் எல்லாப் பையும் நிரம்பி, ஒன்றே ஒன்று மட்டும் பல் விழுந்த வாய் போல நின்றது.

அந்த வருஷத்துக் காசு வரவே இல்லை. ஒரு நாள் பேசினின் அடியில் கரி மாதிரி ஒன்று கிடந்தது. எண்ணெயா, தாரா தெரியவில்லை. ஒரு லாரிக்காரர் கொடுத்ததாக இருக்கலாம். முகமும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. அவள் பொடியை அள்ளிப் போட்டுப் பிரஷ் மயிர் வளையும் வரை தேய்த்தாள். விட்டுப் பிடித்து மறுபடி தேய்த்தாள். கடைசியில் வருஷம் தெரிந்தது. காலிப் பையின் கீழ் சிவப்பு நூலில் இருந்த அதே வருஷம். சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கடைத்தெருவில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் இருந்தார். பழைய காசு வாங்கி விற்பதும் அவர் தொழிலில் பாதி. விடுமுறை நாளில் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

அவர் பக்கங்களை அசட்டையாகப் புரட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையில் கை நின்றது.

"இது எங்கே கிடைச்சுதும்மா? இந்த வருஷம் அடிச்சதே கொஞ்சம். இது இன்னைக்கு உன் ஒரு மாசச் சம்பளம்!"

நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். வைத்த கையை எடுத்துவிட்டு, சத்தமாகவே, "ஒரு மாசச் சம்பளமா?" என்று கேட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்ல வெளியே ஓடிவிட்டாள். அதனால் அடுத்து நடந்ததை அவள் கேட்கவில்லை.

வாட்ச்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு காசை விளக்கடியில் திருப்பினார். முகம் தொங்கிப்போனது.

"யாரு இதை இப்படித் தேச்சது?"

"நான்தான் அண்ணே."

"பொடி போட்டா?"

"பொடி போட்டு, பிரஷ்ஷால."

"போச்சு. பாரு, உடம்பெல்லாம் கீறல். பழங்காசுன்னா அதோட பழுப்பு அப்படியே இருக்கணும்மா. தேச்ச காசை எந்தச் சேர்ப்புக்காரனும் தொடமாட்டான். இது இப்போ கடையில கொடுத்து மிட்டாய் வாங்கத்தான் லாயக்கு. சும்மா விட்டிருந்தா..."

"சும்மா விட்டிருந்தா அது கரிக்கட்டை அண்ணே. மூட்டையோட பேங்குக்குப் போயிருக்கும். தேச்சதாலதான் என்ன வருஷம்னே தெரிஞ்சுது."

"எண்ணெயில ஊறப்போட்டிருக்கணும். ஊறவெச்சு, ஒத்தி எடுத்து..."

"அதை எனக்கு யாரு சொன்னா?"

வாட்ச்காரர் காசை நீட்டினார். அவள் காசை வாங்கி அதன் பையில் போட்டாள். மாசச் சம்பளம் போன வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். தேய்த்துக் கெடுத்ததை நாத்தனாரிடம் சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் வரிசை முடிந்துவிட்டது; அந்த எண்ணம் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நாத்தனாரோ கேட்ட பாதியை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். டீக்கடைக்காரர் அதைக் கழிப்பறையைக் குத்தகை எடுத்தவர் காதில் போட்டார். இரண்டே நாளில் குத்தகைக்காரர் மோட்டார் சைக்கிளை மேஜையில் இடிக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்ன வயதுக்காரர், அவள் பெற்றிருந்தால் அந்த வயதில் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

"ஏம்மா, என் மேஜையில வர்ற காசை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில அடுக்குறியாமே? புதையல் எடுத்திருக்கியாம்?"

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு போட்டிருக்கேன், மொதலாளி. உங்க கணக்குல என்னைக்காவது ஒரு காசு குறைஞ்சிருக்கா?"

"நீ போட்டது வெறுங்காசு. எடுத்தது மாசச் சம்பளம். யாரை ஏமாத்துறே? அந்தப் புத்தகம் மொத்தமும் என் மேஜைக் காசு. நாளைக்குள்ள கொண்டுவந்து வை. இல்லைன்னா நாளையோட வேலையும் இல்லை."

வரிசையில் நின்ற ஒருவர், அவசரத்தையும் மறந்து வேடிக்கை பார்த்தார். சில்லறையக்கா அவரிடம் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "நீங்க உள்ளே போங்க, இது முடிய நேரமாகும்" என்றாள். பிறகு குத்தகைக்காரரைப் பார்த்தாள். வேலை போனால் வாடகை நாத்தனாரின் தையல் மெஷின் தலையில் விழும். புத்தகம் போனால் அவளுடையது என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சுவது பிரஷ் ஒன்றுதான். இரண்டில் எதையும் விடுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்குச் சாயங்காலமே வாங்க. புத்தகத்தைக் கொண்டுவர்றேன். வாட்ச் கடையில நாலு பேருக்கு முன்னாடி வைப்போம். நான் போட்ட காசைவிட ஒரு காசு கூடப் பெறும்னு அவர் சொன்னா, மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. சரியா?"

குத்தகைக்காரருக்கு அது வெல்லமாக இனித்தது. சரி என்று போய்விட்டார். அவளுக்குத்தான் ஒரு சந்தேகம். வாட்ச்காரரும் வியாபாரிதானே. குத்தகைக்காரருக்குப் பயந்தோ, தனக்கே ஏதாவது கிடைக்கும் என்றோ நாக்கைப் புரட்டிவிட்டால்?

சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். டீக்கடைக்காரர் கூடக் கல்லாவைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாத்தனார் முழு விஷயமும் தெரிந்த பிறகு அழுது தீர்த்திருந்தாள். கண் வீங்கிப்போய் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுடி, கிழிஞ்சிடப் போகுது" என்றாள் அண்ணி.

குத்தகைக்காரர் தானே அந்தக் காசை உருவிக் கண்ணாடி மேல் வைத்தார். "என்ன தருவீங்க, சொல்லுங்க."

வாட்ச்காரர் லென்ஸை மாட்டினார், கழற்றினார். சில்லறையக்காவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, துழாவி, அதே மதிப்புள்ள ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது தருவேன்."

"விளையாடாதீங்க. மாசச் சம்பளம்னு நீங்கதானே சொன்னது?"

"தேய்க்காம இருந்தா. இது பாத்திரம் மாதிரி தேச்ச காசு சார். வேணும்னா எந்தக் கடைக்கும் கொண்டுபோங்க. இதைவிட ஒரு காசு கூடத் தந்தா மீதியை நான் தர்றேன்."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, சிரிக்காதவர் போல இருமினார். குத்தகைக்காரருக்கு முகம் சிவந்தது. "கெடுத்து வெச்சிருக்கியே! அறிவிருக்கா உனக்கு?"

அதுவரை மொதலாளி என்று பேசியவள் அங்கே நிறுத்திக்கொண்டாள்.

"தம்பி, கெட்டதோ கெடாததோ, அது என்ன பெறுமோ அதை அன்னைக்கே உங்க டப்பாவுல போட்டாச்சு. இப்போ அது என்னுது. நாலு பேர் பார்த்துக்கிட்டாங்க. நாளைக்கும் மாத்துவேன், நாளன்னைக்கும் மாத்துவேன். புடிக்கலைன்னா வேற ஆளு பாருங்க. எனக்கு முன்னாடி வந்தவ எத்தனை நாள் அந்த நாத்தத்துல உட்கார்ந்தான்னு இவங்களைக் கேட்டுட்டுப் பாருங்க."

"ரெண்டாம் நாளே வாந்தி எடுத்துட்டு ஓடிட்டா" என்றார் டீக்கடைக்காரர், கேட்காமலேயே.

குத்தகைக்காரர் வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார். மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது. நாளைக் காலையிலிருந்து தானே வந்து மேஜைப் பக்கத்தில் நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் வாட்ச்காரர் ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். "இனிமே ஏதாவது கிடைச்சா இதுல ஊறப்போடும்மா. தேய்க்காதே. விலை நிக்கும்."

"விலை நின்னா, அதைக் கேட்டு வாசல்ல ஆளும் நிக்கும் அண்ணே" என்றாள். குப்பியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நாத்தனாரின் தையல் மெஷினுக்குப் போட்டாள். கொஞ்ச நாளாகவே அது கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குத்தகைக்காரர் சொன்னபடியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். மூக்கையும் பொத்த முடியவில்லை, போகவும் முடியவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கிழவர் கறுத்துப்போன ஒரு காசை வைத்துவிட்டு உள்ளே ஓடினார். சில்லறையக்கா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். அவளிடம் இல்லாத ஒரு சித்திரம் மங்கலாகத் தெரிந்தது. குத்தகைக்காரர் கழுத்தை நீட்டினார்.

அவள் சுருக்குப் பையை அவிழ்த்து, அதே மதிப்புள்ள காசை எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டு டப்பாவில் போட்டாள். மேஜைக்கு அடியிலிருந்து பேசினை இழுத்தாள். பொடியைத் தாராளமாகத் தூவி, அவர் பார்க்கப் பார்க்க, அந்தக் காசைப் பளபளவென்று ஆகும் வரை தேய்த்தாள்.