கரிக் கொட்டகை ரோஜா

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரும் பஸ்ஸை ஓட்டியவர் சோணைமுத்து. கான்சாபுரத்துக்காரர். 1926-ல் கிளீனராகச் சேர்ந்து, 1932-ல் டிரைவரானார். ரோஜா அவரிடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான். மிஷன் ஆஸ்பத்திரி வேலியோரம் கத்தரித்துப் போட்டிருந்த குச்சிகளை அடுப்புக்கு ஆகும் என்று கட்டி எடுத்து வந்தார். மழையில் நனைந்த கட்டுக்குள் ஒரு குச்சி துளிர்த்துவிட்டது. அதை எரிக்க மனம் வராமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கொட்டகைக்குப் பின்னால் ஊன்றினார்.

யுத்தத்தில் பெட்ரோல் குறைந்து பஸ்கள் கரி அடுப்பு கட்டி அதன் வாயுவில் ஓடத் தொடங்கியதும், மற்ற டிரைவர்கள் கரி பஸ்ஸைத் திட்டித் தீர்த்தார்கள். சோணைமுத்து மட்டும் அதன் சாம்பலைச் சலித்து, மக்கிய ஆட்டுப் புழுக்கையோடு கலந்து செடிக்கு வைத்தார். பூவின் நிறம் கருஞ்சிவப்பு. இதழின் ஓரம் வெல்வெட் மாதிரி இருக்கும்.

ராஜபாளையத்தில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாங்கள் நடத்திய மலர்க் கண்காட்சிக்கு நான் காரியதரிசி. 1941-லும் 42-லும் ஒற்றை ரோஜாப் பிரிவில் கோப்பை வாங்கியவர் டிராயிங் மாஸ்டர் பால்துரை. சோணைமுத்துவுக்கு இரண்டாவது இடம். இரண்டாவது இடத்துக்கு எங்கள் சங்கம் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் கொடுக்கும்.

1943-ல் பஸ் முதலாளி சுந்தரபாண்டியனுக்குக் கரி மூட்டை அடுக்க இடம் போதவில்லை. கொட்டகையின் பின்புறத்தைக் கேட்டார்.

"செடிக்கு எடத்தை விட்டுட்டுக் கரியை என் தலையிலயா அடுக்க? இந்த வருசம் கோப்பை வந்தா பஸ்ஸுக்குப் பேரு, பூ இருக்கட்டும். வரலைன்னா கரி. அம்புட்டுதான்" என்றார்.

கண்காட்சி அன்று இருட்டோடு வத்திராயிருப்புக்கு வண்டி எடுக்க வேண்டியிருந்ததால், பூப் பறிக்கும் பொறுப்பைச் சோணைமுத்து மனைவியிடம் விட்டார். குருவம்மாள் கடைத்தெருவில் பூக்கட்டி விற்பவர். அவரைவிடப் பூவைப் பக்குவமாகத் தொட வேறு ஆள் ஏது? வண்டி திரும்பி வரும்போது ஈரத்துணி போட்ட வாழையிலைப் பொட்டலத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொண்டார்.

"எப்படி இருக்கு? செத்த தொறந்து காட்டுட்டி."

"தொறந்தா காத்துப் பட்டு வாடிப் போகும். நீங்க ரோட்டைப் பாருங்க."

பொட்டலம் கண்காட்சி மண்டபத்தில் என் மேசையில்தான் பிரிந்தது. நன்றாக மலர்ந்த மூன்று ரோஜாக்கள். ஒன்றிலும் காம்பு இல்லை. சரத்துக்குக் கிள்ளுவதுபோல் கழுத்தோடு கிள்ளியிருந்தார். இலையோடு ஒரு சாண் காம்பு வேண்டும் என்பது எங்கள் விதி.

"காம்பு எங்கட்டி?"

"காம்பை வச்சு என்ன செய்ய? நாருக்கு இடைஞ்சல். செடியை வெட்டிப் பாழாக்கச் சொல்லுதீகளா?"

பக்கத்தில் தம் பூவைக் கண்ணாடிக் குவளையில் நிறுத்திக்கொண்டிருந்த பால்துரை மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன டிரைவரே, மாலையாவே கட்டிக் கொண்டாந்திருக்கலாமே. எனக்குப் போட வசதியா இருந்திருக்கும்."

சோணைமுத்து மனைவியிடம் கேட்டார்: "செடியில இன்னும் என்ன இருக்கு?"

"ஒரு மொட்டு. பாதி வாய்தான் தொறந்திருக்கு. கட்டுனா எடுப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

நடுவராக வரவேண்டிய விவசாய இலாகா அதிகாரி மதுரையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவர் மண்டபத்துக்குள் நுழையும்வரை பூவைப் பதியலாம் என்ற விதியைச் சொன்னேன். பஸ்ஸின் கரி அடுப்பைச் சுத்தம் செய்து மறுபடி மூட்டும்வரை வண்டி கிளம்பாது. சோணைமுத்து என் சைக்கிளையும், ஆணியில் தொங்கிய என் குடையையும் எடுத்துக்கொண்டு, கண்டக்டர் இருளப்பசாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதித்தார். ஏழு மைல்.

திரும்பும்போது மிதித்தவர் இருளப்பசாமி. கேரியரில் சோணைமுத்து, ஒரு கையில் மருந்து பாட்டில் தண்ணீரில் நிறுத்திய ரோஜா, மறு கையில் குடை. நிழல் முழுவதும் பூவுக்கு, வெயில் முழுவதும் அவருக்கு. வழி நெடுகப் பேச்சு நடந்ததை இருளப்பசாமி பிறகு சொன்னார்.

"அண்ணாச்சி, குடை காத்தைப் பிடிக்கி. நான் முன்னால மிதிச்சா வண்டி பின்னால போகுது."

"பேசாம மிதிலே. பள்ளத்துல விட்டுராத."

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி நிமிர்ந்து, "மாப்பிள்ளை குடையோட போறாரு. பொண்ணு எங்கலே?" என்று கேட்டாள்.

"பாட்டில்ல இருக்கு, ஆச்சி" என்றாராம் இருளப்பசாமி.

அவர்கள் வந்தபோது அதிகாரியின் கார் வாசலில் நின்றது. அதிகாரி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பூவைப் பதிந்தேன்.

பால்துரை மாஸ்டரின் ரோஜா காலையில் வந்தபோது குறை சொல்ல முடியாத பூ. அதிகாரி தாமதித்த நேரத்தில், தகரக் கூரைச் சூட்டில் அது முழுக்க விரிந்து நடுவில் மகரந்தம் தெரிந்துவிட்டது. போட்டி ரோஜாவுக்கு அது முதுமை. குருவம்மாள் கிள்ளிய மூன்றும் காம்போடு வந்திருந்தாலும் இதே கதிதான். அவர் வேண்டாமென்று விட்ட மொட்டோ பாதிக்குச் சற்று மேல் விரிந்து, நடுக்கூம்பு குலையாமல் நின்றது. அதிகாரி இரண்டு பூவுக்கும் இடையே இரண்டு தடவை நடந்தார். பிறகு கோப்பையைச் சோணைமுத்துவின் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பால்துரை மாஸ்டர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டே, "தோத்தது உம்மகிட்ட இல்ல டிரைவரே, உம்ம வீட்டம்மாகிட்ட" என்றார்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கரி மூட்டைகள் அவர் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. வெள்ளைப் பசு சாம்பல் பசு ஆனது என்று அவர் வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டார்.

கோப்பையைப் பஸ்ஸின் முன்னால் கட்டிவைக்க வேண்டும் என்பது சோணைமுத்துவின் ஆசை. "நான் விட்டுவச்ச மொட்டுக்குக் கெடச்சது" என்று குருவம்மாள் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கடைத்தெருவில், பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் அதில் இருந்தது.

அது சுழற்கோப்பை. அடுத்த கண்காட்சிக்கு முன்னால் திரும்ப வாங்க நான்தான் போனேன். தண்ணீரைச் செம்பில் ஊற்றிவிட்டுக் கொடுத்தார்.

"பத்திரமா கொண்டுபோங்க அய்யா. பொறவு இங்கதான வரப்போகுது" என்றார். சோணைமுத்து இந்தத் தடவை பூப் பறிக்க அவரை அனுப்புவாரா என்று கேட்டேன்.

"அவிய காம்போட வெட்டுவாக. எதை வெட்டக் கூடாதுன்னு நான் சொல்லுவேன்."