பல் இல்லாத மெஷின்

லட்சுமணனுக்கு மூளை இல்லையென்று ஊரில் யாரும் சொன்னதில்லை. இருந்ததுதான் வினை. காவலூருக்கு மேலே மூன்று கிலோமீட்டர் மண்பாதை ஏறினால் வரும் அந்தச் சிற்றூரில், வருஷத்துக்கு ஒரு யோசனை அவனுக்கு உதிக்கும். ஒரு வருஷம் காளான். சுவரெல்லாம் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம். அடுத்த வருஷம் முயல். பாதியை நாய் தின்றது, மீதியை இவனே தின்றான். தேன்பெட்டி வாங்கி வைத்தான். தேனீக்களுக்குக்கூட இவனோடு குடித்தனம் பண்ணப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டில் உலை கொதித்ததென்றால், அது அவன் பெண்டாட்டி அம்சவல்லி மிதித்த தையல் மெஷினால்.

அந்த மெஷினை அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கிவிட்டாள். இரண்டு வருஷம் புளி உலுக்கப் போன கூலி அது. இருபத்திரண்டு வருஷமாக மலைமேல் ஏழெட்டு ஊருக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் அதில்தான் தைத்தாள். மகள் பிரியதர்ஷினியை நர்சுக்குப் படிக்கவைத்ததும் அதில்தான். வாசலில் ஆள் நிற்கும்போதே கண்ணால் அளவெடுத்துவிடுவாள் என்று பேர். கட்டியவனை மட்டும் ஏனோ அளக்காமல் விட்டுவிட்டாள்.

வைகாசி நடுவில், கண்ணமங்கலத்தில் வேலை பார்க்கும் மகளுக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் போயிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. பதினாலு பிள்ளைகளின் யூனிஃபார்மை வெட்டி மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வந்து தைத்தால் போதும்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நடக்க இடமில்லை. கட்டில் வெளியே கிடந்தது. உள்ளே எட்டடி நீளத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் ஒட்டகக் கழுத்து மாதிரி நீண்ட ஒரு மெஷின், அடியில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி. பக்கத்தில் லட்சுமணன், புதுமாப்பிள்ளை மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

“இன்னா இது?”

“குயில்டிங் மெஷினு. ரஜாய், அதான் பஞ்சு வெச்ச போர்வ, அது தெக்கறது. மலையில இம்மாங் குளிரு அடிக்குது, டூரிஸ்ட்டுங்க வந்துக்கினே இருக்கறான், எவனாவது யோசிச்சானா? எக்ஸ்சேஞ்ச்ல எடுத்தேன்.”

“இன்னாத்தக் குடுத்து எடுத்த?”

அவன் கண் மூலைப்பக்கம் போனது. அவளுடைய தையல் மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால்தடம் மட்டும் தரையில் இருந்தது. அரிசிப் பானைக்குள் அவள் வைத்திருந்த சீட்டுப் பணத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை.

அம்சவல்லி குனிந்து ஊசிக்குக் கீழே விரலை வைத்துத் தடவினாள். மறுபடியும் தடவினாள். தையல் மெஷின் என்றால் துணியை அடியிலிருந்து கடித்து இழுத்துக் கொடுக்கப் பல் இருக்க வேண்டும். இதில் இல்லை. துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டிவிட்டு, மெஷினை அதன்மேல் கையால் பிடித்து ஓட்ட வேண்டும். மெத்தைக்கும் ரஜாய்க்கும் சரி. ஒரு ஜாக்கெட் கையை இதில் மூட்ட முடியாது. ஒரு டவுசர் தைக்க முடியாது.

“பல்லே இல்ல இதுல.”

“பல்லு எதுக்கு? கம்ப்யூட்டர் இருக்குது பாரு,” என்றான் அந்த மேதாவி.

இருபத்திரண்டு வருஷம் ராப்பகலாக மெஷின் ஓடிய வீட்டில் இருந்தவன். துணி எப்படி நகர்கிறது என்று ஒரு நாள் குனிந்து பார்த்திருந்தால் போதும். சோற்றுத் தட்டு வந்த வழியைப் பார்க்காதவன் பல்லையா பார்ப்பான்!

மறுநாள் முதல் பஸ்ஸில் ஒடுகத்தூர் இறங்கினாள். மெஷினை மாற்றிக் கொடுத்த கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். “அந்தப் பழைய மெஷினா? அன்னிக்கே ஆம்பூர் பார்ட்டி எடுத்துக்கினு போய்ட்டாங்கம்மா. உங்க வூட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், வூட்ல சொல்லிட்டீங்களான்னு. அவங்களுக்கு இன்னா தெரியும்னாரு.”

அந்த ஒரு வார்த்தைதான். பணம் போனதையும் மெஷின் போனதையும்கூட அவள் பொறுத்திருப்பாள். அவங்களுக்கு இன்னா தெரியும்! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

அந்த மலையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கட்டும். கட்டியவன் தனக்கு வேண்டாமென்று தோன்றினால் ஊர் முன்னால் பரிசத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பெண் போகலாம். யாரும் தடுக்க முடியாது. அம்சவல்லிக்குக் கட்டியது ஐயாயிரத்தொரு ரூபாயும் இரண்டு மூட்டைச் சாமையும். மூன்றாம் நாள் காலை பஞ்சாயத்துப் பேசும் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வீட்டு வாசலில் ஊர் கூடியது. குயில்டிங் மெஷினை ஆள் வைத்துத் தூக்கிவந்து நடுவில் இறக்கினாள்.

“மாமா, என் பரிசம் இது. கட்டுனதுக்குப் பத்து மடங்கு மேலயே போவும். வாங்கிக்கினு என்ன வுட்றச் சொல்லுங்க.”

கோபால்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். “எங்கம்மா போவ?”

“காவலூர்ல கோகிலவாணி தையக்கடையில ஒரு கால் மெஷினு சும்மா நிக்குது. வாடகைக்குத் தரேன்னுச்சு. புள்ளைங்க துணி வெட்டுனது வெட்டுனபடி கெடக்குது மாமா.”

அவர் லட்சுமணன் பக்கம் திரும்பினார். “இன்னாடா சொல்ற? பொண்டாட்டி போறேன்றா.”

லட்சுமணன் பிடரியைச் சொறிந்தான். ஊர் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அம்சவல்லியும்தான் காத்திருந்தாள். எவ்வளவு கேடுகெட்டவன் என்று தெரிந்தும், போகாதே என்று ஒரு சொல் வருமா என்று ஒரு நிமிஷம் அவன் வாயையே பார்த்தாள். வந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அவன் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான்.

“ஸ்டெபிலைசரும் இதோட சேத்திதான?” என்றான்.

கோபால்சாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“சேத்திதான், எடுத்துக்கோ,” என்றாள் அம்சவல்லி.