சோடிச் சிலிண்டருக்குச் சாதகம் பார்த்த கதை

காற்றை அடைத்துக் கொடுக்கிற தொழிலில் இருப்பவனுக்குத்தான் அடிக்கடி மூச்சு நின்று போகிறது.

என் கடை கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தீயணைக்கும் சிலிண்டர், வெல்டிங் சிலிண்டர், சுழியோடிகள் முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டர் எல்லாவற்றையும் சோதித்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். "கண்டியில கடல் எங்க ஈக்கி?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கடல் இல்லாவிட்டால் என்ன, அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் மரமும் குப்பையும் சிக்கும். யாராவது இறங்கித்தானே எடுக்க வேண்டும்?

இறங்குகிறவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: காற்றில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மேலே ஏறிவிடு. ஒருவரும் கேட்பதில்லை. ஒருமுறை கடையின் சொந்தச் சோடிச் சிலிண்டரை இரவல் வாங்கிப்போனவர் ஒரு பொட்டுக் காற்று மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு, பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தார். அன்றிலிருந்து அந்தச் சோடி சுவரில் தொங்குகிறது. இரவல் கிடையாது என்று பலகையும் மாட்டிவிட்டேன். கடை வைத்திருக்கும் அன்பர்களே, பலகை மாட்டுவதால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

மஞ்சள் சோடி

யோகநாதன் தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை. திருகோணமலையில் சுழியோடப் பழகி வந்தவர். அணைக்கட்டு வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அடிக் கம்பிவலையில் சிக்கிய மரங்களை எடுக்க வேண்டும், சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். ஆனால் ஆழம் அதிகம், நேரமும் அதிகம். இரட்டைச் சிலிண்டரோடு வந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்பது நிபந்தனை. மூன்று கிழமை தவணை.

முதல் நாளே ஒரு சோடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டும் பளபளவென்று ஒரே மஞ்சள். தூக்கிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று அலுமினியம், மற்றது இரும்பு! அலுமினியம் கொஞ்சம் பருமன். பட்டி போட்டு இறுக்கும்போது இரும்பு நழுவாமலிருக்க சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். இரண்டையும் காற்றிறக்கிச் சோதனைத் தொட்டியில் போட்டேன். இரும்பு அடியில் போய்க் கிடந்தது, அலுமினியம் மேலே வந்து எங்களைப் பார்த்தது. "தண்ணிக்குள்ள காத்துக் குறையக் குறைய இது மேல இழுக்கும், அது கீழ இழுக்கும். நடுவுல நீங்க பம்பரம் மாதிரி சுத்துவீங்க தம்பி" என்றேன். யோகநாதன் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"உயரம் பார்த்தேன், நெறமும் பார்த்தேன். இன்னும் என்னத்த நானா பார்க்கணும், சாதகமா?"

கலகெதரயில் பெண் பார்த்தல்

சாதகமேதான்! சிலிண்டரின் தோளில் எல்லாம் குத்தியிருக்கும்: பிறந்த மாதம், வருடம், எடை, எவ்வளவு அழுத்தம் தாங்கும், கடைசியாக எப்போது சோதித்தார்கள். இரட்டையாகக் கட்டுவதென்றால் இவை எல்லாம் பொருந்த வேண்டும். அலுமினியத்தை விட்டுவிட்டு, இரும்புக்கு இன்னொரு இரும்பைத் தேடி, அதை வாங்கிய கலகெதர பழைய இரும்புக் கடைக்கே இரண்டு பேரும் போனோம்.

கடைக்காரர் ஒரு ஹாஜியார். அதே இனத்தில் இன்னும் இரண்டு வைத்திருந்தார். முதலாவதின் வால்வைக் கழற்றினேன். குப்பென்று அடித்த வாடையில் என் தலை சுற்றியது. பெற்றோல்! எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒளித்துவைக்க இடமில்லாமல் இதற்குள் ஊற்றி வைத்திருக்கிறார். இதில் காற்றை அடைத்து ஒரு மனிதன் மூச்சிழுத்தால் அணைக்கட்டுக்கு அடியிலேயே மௌத்து. நான் இரண்டடி பின்னால் போனேன், ஹாஜியார் அசையவே இல்லை. இரண்டாவதை வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். துருவில்லை, ஈரமில்லை. தோளைத் துடைத்துப் பார்த்தால் யோகநாதனின் இரும்புக்கு அடுத்த இலக்கம். கூடப் பிறந்தது! வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, முதலாவதையும் எடுக்கச் சொல்லி ஹாஜியார் மன்றாடினார்.

"அதைக் கொற சொல்லாதீங்க மகன், தட்டுப்பாட்டு நேரம் இந்த ஊர்ல நாலு மௌத்து வீட்டுக்கு வாகனம் ஓடினது அதாலதான்."

வெளியாரை மட்டும் சொல்லி என்ன?

சோதனையில் இரண்டும் தேறின. வால்வு பூட்டுகிற வேலையை என்னோடு பதினொரு வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் குணாவிடம் கொடுத்துவிட்டு மத்தியானம் லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்து சும்மா ஒரு வால்வைத் தொட்டு ஆட்டினேன். ஆடியது. இரும்பின் கழுத்தில் இருப்பது மில்லிமீற்றர் அளவுத் திருகு மரை, குணா பூட்டியிருந்தது அங்குல மரை. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம், திருகினால் ஏறிவிடும். முழு அழுத்தம் ஏற்றும்போது அந்த வால்வு துப்பாக்கிக் குண்டாகிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். போகிற வழியில் யாருடைய தலை இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். குணாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையால திருகேக்க வெண்ணெய் மாதிரிப் போச்சு நானா, அதுதான் நானும் நம்பிப் போட்டன்."

பெயர் வெட்டிய பாத்திரம்

சரியான வால்வு போட்டு, பட்டி இறுக்கி, சோடியை யோகநாதனிடம் கொடுத்தேன். வீட்டில் காட்டிவிட்டு நிரப்ப வருவதாகச் சொல்லிப் போனவர், வேலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். கொழுந்து பறித்துக் காய்த்த கைகளால் அந்தம்மா சோடியைப் போர்த்தியிருந்த துணியை விலக்கினார். சந்தனம், குங்குமம். அதுவரை சரி. அதற்குக் கீழே, இரண்டு சிலிண்டரின் வயிற்றிலும், புள்ளி புள்ளியாக உளியால் வெட்டி, "த. யோகநாதன், தெல்தோட்டை."

வீட்டுக்கு ஏனம் வாங்கினால் பெயர் வெட்டுவார்களே, அதே பழக்கம். பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவர் தன் சின்ன உளி ஏறவில்லை என்று பெரிய உளியும் சுத்தியலும் வாங்கிவந்து அடித்திருக்கிறார். நகத்தை வைத்துப் பார்த்தேன், பள்ளத்தில் நகம் இறங்கியது. முடிந்தது கதை. அழுத்தம் ஏறினால் அந்த எழுத்துகளில்தான் வெடிப்பு ஓடும். "என்ன காரியம் செஞ்சீங்கம்மா! மகனுட உசிர வெட்டி வச்சிருக்கீங்களே!" என்று கத்திவிட்டேன். இனி யாரும் நிரப்பிவிடக் கூடாதென்று, அந்தம்மா பார்க்கப் பார்க்க இரண்டிலும் துளை போட்டேன். யோகநாதன் வாசலில் போய் நின்றுகொண்டார். அந்தம்மா அழவில்லை. துளையிலிருந்து விழுந்த இரும்புத் தூளைச் சேலையிலிருந்து தட்டிவிட்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணிக்குள்ள போறவன் வராமப் போய்ட்டாலும், இந்தப் பேரப் பார்த்தாவது எங்கிட்ட கொண்டாந்து சேர்ப்பாங்கன்னுதான் மொதலாளி வெட்டச் சொன்னேன்."

சுவரில் தொங்கிய சோடி

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, இரவல் கிடையாது என்ற பலகையை ஒதுக்கிவிட்டு, கடையின் சொந்தச் சோடியை இறக்கினேன். சோதித்து, நிரப்பிக் கொடுத்தேன். பெயரை வெட்டாமல், பட்டியில் வெள்ளைப் பெயின்றால் நானே எழுதினேன்: த. யோகநாதன், தெல்தோட்டை. அந்தம்மா விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பார்த்தார். பெயின்ற் காயவில்லை, விரலெல்லாம் வெள்ளை.

வேலை நாளன்று எனக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குணாவிடம் மூன்று முறை காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. யோகநாதன் தலைமுடி காயாமல் இறங்கினார். மரமெல்லாம் எடுத்தாகிவிட்டது, வேலை நிரந்தரம் என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் சிலிண்டருக்கு அழுத்தமானியை மாட்டினேன். முள் பாதியில் நின்றது. மானி பழுது என்று நினைத்து வேறு மானி மாட்டினேன். அதுவும் பாதி. முழு வேலையையும் முடித்துவிட்டுப் பாதிக் காற்றோடு ஏறிய மனிதனை இந்தக் கடை அதுவரை கண்டதில்லை. எப்படி என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"எரவல் வாங்குன ஏனத்த வெறுமையா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க நானா, அதான் பாதியிலயே ஏறி, ஒப்பந்தக்காரர் மெசின்ல மறுபடி நெரப்பி, ரெண்டு தடவையா எறங்கி வேலய முடிச்சேன்."

இருபது வருடமாகத் தொண்டை வற்ற நான் கத்தியும் ஒருத்தன் மண்டையிலும் ஏறாத பாடம் ஓர் இரவல் பாத்திரத்தின் மரியாதையில் ஏறிவிட்டதால், இப்போதெல்லாம் அந்தப் பலகையைத் திருப்பிப் போட்டு, "இரவல் உண்டு, வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.